மார்க்கெட் விழுந்தா ரிசர்வ் பேங்க் வந்து தாங்கணுமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நிஃப்டி நாலு நாள் சேர்ந்தாப்ல விழுந்தா போதும், "ஆர்பிஐ என்ன பண்ணிட்டு இருக்கு"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுறாங்க. ஏறும்போது இந்தக் கேள்வி யாருக்கும் வர்றதில்ல. என்கிட்ட ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கன்னு திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகளை எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். சில பதில் நீளமா போகும், ஏன்னா விஷயம் அப்படி.

ஷேர் மார்க்கெட்டை கண்ட்ரோல் பண்றது ரிசர்வ் பேங்க் தானே?

இல்லைங்க. ஷேர், மியூச்சுவல் ஃபண்டு, புரோக்கர், ஐபிஓ (கம்பெனி முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கிறது), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இதெல்லாம் ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற செபியோட வேலை. செபி 1988ல ஆரம்பிச்சது, 1992ல தான் சட்டப்படி அதிகாரம் வந்துச்சு. ரிசர்வ் பேங்க் பாக்குறது பேங்குகள், வட்டி, ரூபாய் மதிப்பு, கவர்மெண்ட் பாண்டு மார்க்கெட், பணம் ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்க்குக்கு போற வழி. 2016ல சட்டத்தை திருத்தி அதுக்கு ஒரு நம்பரும் கொடுத்தாச்சு, விலைவாசி ஏற்றம் 4 சதவீதம், மேலயும் கீழயும் 2 சதவீதம் தள்ளி இருக்கலாம், அதாவது 2ல இருந்து 6க்குள்ள. வளர்ச்சியையும் மனசுல வச்சுக்கணும்னு இருக்கு. சென்செக்ஸ் எவ்வளவு இருக்கணும்னு அந்த சட்டத்துல ஒரு வரி கூட கிடையாது, இருக்கவும் கூடாதுன்னு தான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் ஆர்பிஐ வட்டி முடிவு சொல்ற பாலிசி அன்னிக்கு மார்க்கெட் இந்த ஆட்டம் ஆடுது?

ஒரு கம்பெனியோட ஷேர் விலைங்கிறது அந்தக் கம்பெனி இனிமே சம்பாதிக்கப்போற பணத்துக்கு இன்னிக்கு நாம குடுக்குற விலை தான். பேங்க்ல போட்டா 5 சதவீதம் தான் கிடைக்கும்னா அந்த வருங்கால லாபத்துக்கு கூடுதலா குடுக்கத் தயாரா இருப்போம், அதே பேங்க்ல 8 சதவீதம் ரிஸ்க் இல்லாம கிடைக்கும்னா "நான் எதுக்கு ஷேர்ல மாட்டிக்கணும்"னு விலையை குறைச்சு தான் கேப்போம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வட்டி ஏறுனா கம்பெனியோட கடன் செலவும் ஏறும், வீட்டுக் கடன் ஈஎம்ஐ ஏறுறதால ஜனங்க வண்டி ஃப்ரிட்ஜ் வாங்குறதை தள்ளிப் போடுவாங்க, லாபமே குறையும். அதனால ரெப்போ ரேட் (ஆர்பிஐ பேங்குகளுக்கு குடுக்குற கடனோட வட்டி) மாறுனா ஷேர் விலை மாறத்தான் செய்யும், ஆனா அது மருந்து சாப்பிட்டா தூக்கம் வர்ற மாதிரி, மருந்து குடுத்தது காய்ச்சலுக்கு.

இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் 2022 மே 4. மார்ச் மாச விலைவாசி ஏற்றம் 6.95 சதவீதம் வந்துடுச்சு, உக்ரைன் போர்ல எண்ணெய் விலையெல்லாம் ஏறிக்கிட்டு இருக்கு. அன்னிக்கு பாலிசி மீட்டிங்குன்னு காலண்டர்லயே கிடையாது, திடீர்னு மத்தியானம் கவர்னர் சக்திகாந்த தாஸ் வந்து ரெப்போவை 4ல இருந்து 4.40க்கு ஏத்துறோம், சிஆர்ஆரையும் (பேங்குகள் டெபாசிட்ல ஆர்பிஐகிட்ட வச்சிருக்க வேண்டிய பங்கு) அரை சதவீதம் ஏத்துறோம்னு சொன்னார். சென்செக்ஸ் 1,300 பாயிண்டுக்கு மேல விழுந்துச்சு. கவனிங்க, அதே நாள் தான் எல்ஐசி ஐபிஓ பொதுமக்களுக்கு திறந்த நாள், கவர்மெண்டே தன்னோட ஷேரை விக்குது. மார்க்கெட்டுக்காக இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்ல? பொறுக்கல. வட்டியை இன்னும் முன்னாடியே ஏத்தியிருக்கணும்ங்கிறது வேற சண்டை, அதுல எனக்கும் ஒரு கருத்து இருக்கு, ஆனா அந்த நாளைப் பொறுத்தவரைக்கும் மளிகைக் கடை பில்லை பாத்து முடிவு எடுத்தாங்களே தவிர டிவியில ஓடுற சிவப்பு எழுத்தை பாத்து எடுக்கல. அது தான் சரி.

மார்க்கெட் ரொம்ப விழும்போது ஆர்பிஐயே ஷேர் வாங்கி தாங்கிப் பிடிக்கலாமே? பணம் அச்சடிக்கிறவங்க தானே?

முதல்ல சட்டம். ரிசர்வ் பேங்க் சட்டம் 19வது பிரிவு தெளிவா சொல்லுது, எந்த பேங்கோட ஷேரையும் எந்த கம்பெனியோட ஷேரையும் வாங்கக் கூடாது, ஷேரை அடமானமா வச்சுக்கிட்டு கடனும் குடுக்கக் கூடாது. 1934ல எழுதுன சட்டம், அப்பவே யோசிச்சிருக்காங்க. தனிச்சட்டம் மூலமா கையில இருந்த ஸ்டேட் பேங்க் ஷேரைக் கூட 2007ல 35,531 கோடி ரூபாய்க்கு மத்திய அரசுகிட்ட குடுத்துட்டாங்க, ஏன்னா ஒரு பேங்கை கண்காணிக்கிறவங்களே அந்த பேங்குக்கு முதலாளியா இருந்தா ரெண்டு வேலையும் சரியா நடக்காது.

சட்டத்தை மாத்திக்கலாம்னு சொல்றவங்களுக்கு ஜப்பான் கதையை சொல்றேன். பேங்க் ஆஃப் ஜப்பான் 2010 டிசம்பர்ல ஷேர் இண்டெக்ஸ் ஈடிஎஃப் (இண்டெக்ஸ்ல இருக்கற ஷேரை எல்லாம் மொத்தமா வச்சிருக்கற ஃபண்டு) வாங்க ஆரம்பிச்சது. கொஞ்சமா, கொஞ்ச நாளைக்குன்னு தான் ஆரம்பம். 2013ல குரோடா கவர்னரா வந்ததும் வருஷத்துக்கு 1 லட்சம் கோடி யென் அளவுக்கு போச்சு, 2014ல 3 லட்சம் கோடி, 2016ல 6 லட்சம் கோடி, 2020 கொரோனா நேரத்துல உச்சவரம்பு 12 லட்சம் கோடி. காலையில மார்க்கெட் விழுந்தா மத்தியானம் பேங்க் ஆஃப் ஜப்பான் வாங்கும்னு டிரேடர்கள் கணக்கு போட ஆரம்பிச்சாங்க. ஒரு கம்பெனி நல்லா நடக்குதா கேவலமா நடக்குதான்னு பாக்காம இண்டெக்ஸ்ல இருந்தா சரின்னு வாங்குற ஒரு பெரிய கை, அதுக்கு விக்க வேண்டிய அவசியமும் இல்ல. விலைங்கிறது ஒரு செய்தி தானே, அந்த செய்தியையே அமுக்கிட்ட மாதிரி. 2024 மார்ச்ல புதுசா வாங்குறதை நிறுத்துனாங்க. 2025 செப்டம்பர்ல விக்கலாம்னு முடிவு பண்ணும்போது வாங்குன விலையில கணக்கு போட்டா கையில சுமார் 37 லட்சம் கோடி யென் இருந்துச்சு, வருஷத்துக்கு சுமார் 33,000 கோடி யென் வீதம் தான் விப்பாங்களாம், வேகமா வித்தா மார்க்கெட் விழுந்துடும்ல. இந்த வேகத்துல முடிக்க 100 வருஷத்துக்கு மேல ஆகும்னு கவர்னர் உவேடாவே சொன்னார். லாபத்துல தான் இருக்காங்க, அதை மறைக்க வேண்டியதில்ல, ஆனா ஒரு மத்திய வங்கி உள்ள போக ஒரு நாள் போதும், வெளிய வர நாலு தலைமுறை ஆகுதுன்னா அதை வெற்றின்னு என்னால சொல்ல முடியல.

ஹாங்காங் வாங்கி ஜெயிச்சாங்களே?

ஆமா, நியாயமான கேள்வி. 1998 ஆகஸ்ட்ல ரெண்டே வாரத்துல ஹாங்காங் நாணய ஆணையம் சுமார் 11,800 கோடி ஹாங்காங் டாலருக்கு ஷேர் வாங்குச்சு. ஆனா ஏன் வாங்குனாங்கன்னு பாருங்க. அவங்க டாலரை அமெரிக்க டாலரோட கட்டி வச்சிருந்தாங்க. பெரிய ஸ்பெக்குலேட்டர்கள் ஒரே நேரத்துல ரெண்டு பந்தயம் கட்டுனாங்க: ஹாங்காங் டாலரை வித்தா அதை காப்பாத்த அங்க வட்டி தானா ஏறும், வட்டி ஏறுனா ஷேர் விழும், ஷேர் விழுந்தா முன்னாடியே ஷார்ட் போட்டு (விலை விழும்னு பந்தயம் கட்டி) வச்சதுல லாபம். அந்தப் பொறியை உடைக்கத் தான் வாங்குனாங்க, முதலீட்டாளர்கள் பாவம்னு இல்ல. முடிஞ்சதும் மறு வருஷமே டிராக்கர் ஃபண்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு பொதுமக்களுக்கு வித்து வெளிய வர ஆரம்பிச்சுட்டாங்க. அப்படியும் அன்னிக்கு உலகம் பூரா திட்டுச்சு. அந்த ஒரு தடவைக்கு நான் அவங்க பக்கம். ஆனா அதை காட்டி "நிஃப்டி 10 சதவீதம் விழுந்துடுச்சு, வாங்குங்க"ன்னு கேக்குறது பொருந்தாது.

2020 மார்ச்ல எல்லா மத்திய வங்கியும் பணத்தை கொட்டி காப்பாத்துனாங்களே, அது மட்டும் சரியா?

இங்க தான் ஒரு விஷயத்தை பிரிச்சு பாக்கணும், இந்த முழு பக்கத்துலயும் நான் சொல்ல வர்றது இது தான். விலை விழுறது வேற, குழாய் அடைக்கிறது வேற. ஒரு ஷேர் 500ல இருந்து 300க்கு வந்தா அதை வச்சிருக்கறவருக்கு நஷ்டம், வலி தான், ஆனா வாங்கவும் விக்கவும் ஆள் இருக்கற வரைக்கும் சிஸ்டம் ஓடுது. ஆனா புரோக்கருக்கு பேங்க் பணம் குடுக்க மாட்டேங்குது, நல்ல கம்பெனியோட மூணு மாச கடன் பேப்பரைக் கூட யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க, ஒரு பேங்க் இன்னொரு பேங்கை நம்ப மாட்டேங்குதுன்னா அது குழாய் அடைப்பு. அதை எடுத்து விடாட்டி ஷேரே இல்லாதவனுக்கும் அடுத்த மாசம் சம்பளம் வராது.

1987 அக்டோபர் 19 திங்கக்கிழமை அமெரிக்காவுல டௌ ஜோன்ஸ் இண்டெக்ஸ் ஒரே நாள்ல 508 பாயிண்ட், 22.6 சதவீதம் விழுந்துச்சு. கிரீன்ஸ்பான் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டுக்கு தலைவரா வந்து ரெண்டு மாசம் தான் ஆகுது. மறுநாள் காலைல மார்க்கெட் திறக்குறதுக்கு முன்னாடி ஃபெட் ஒரே ஒரு வாக்கியம் அறிக்கை விட்டாங்க, பொருளாதாரத்துக்கும் நிதி அமைப்புக்கும் தேவையான லிக்விடிட்டி (ரொக்கப் பணம்) குடுக்கத் தயாரா இருக்கோம்னு. அப்புறம் நியூயார்க் ஃபெட் ஆளுங்க பெரிய பேங்குகளுக்கு ஃபோன் போட்டு, புரோக்கர்களுக்கு குடுக்குற கடனை திடீர்னு நிறுத்தாதீங்கன்னு பேசுனாங்க. ஒரு ஷேர் கூட வாங்கல. விலை எங்க போய் நிக்குதோ நிக்கட்டும், பணம் கை மாறுறது மட்டும் நிக்கக் கூடாதுங்கிறது அதோட அர்த்தம்.

நம்ம ஊர்ல 2020 மார்ச் 23 அன்னிக்கு சென்செக்ஸ் 3,900 பாயிண்டுக்கு மேல, சுமார் 13 சதவீதம் விழுந்து 26,000க்கு கீழ வந்துச்சு. நாலு நாள் கழிச்சு மார்ச் 27 ஆர்பிஐ ரெப்போவை முக்கால் சதவீதம் குறைச்சு 4.40 ஆக்குச்சு, கூடவே கடன்காரங்களுக்கு மூணு மாச மொரடோரியம் (தவணை கட்ட அவகாசம்), பேங்குகளுக்கு நீண்ட கால ரெப்போ கடன். நாடே பூட்டிக் கிடக்கும்போது அது கடை வச்சிருக்கறவனுக்கும் ஆட்டோ ஓட்டுறவனுக்கும் சேர்த்து பண்ணது, சென்செக்ஸுக்குன்னு பண்ணது இல்ல. அடுத்த மாசம் ஏப்ரல் 23 ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 6 டெப்ட் (கடன் பத்திர) ஸ்கீமை மூடுறோம்னு சொன்னப்ப மத்த ஃபண்டுலயும் ஜனங்க பயந்து பணம் எடுக்க ஆரம்பிச்சாங்க, அப்ப 27ம் தேதி ஆர்பிஐ 50,000 கோடி ரூபாய்க்கு ஒரு ஜன்னல் திறந்துச்சு. எப்படி? ஆர்பிஐ பேங்குகளுக்கு ரெப்போ ரேட்ல 90 நாளுக்கு குடுக்கும், பேங்குகள் அதை மியூச்சுவல் ஃபண்டுக்கு பாண்டை அடமானமா வாங்கிக்கிட்டு குடுக்கும். ஃபண்டு நஷ்டப்பட்டா நஷ்டம் ஃபண்டுக்கு, ஆர்பிஐக்கு இல்ல. பயம் தணிஞ்சுது, அது போதும்.

ஒவ்வொரு தடவையும் காப்பாத்துனா மார்க்கெட்ல ஆடுறவங்களுக்கு தைரியம் வந்துடாதா?

வரும். வந்துச்சு. 1987க்கு அப்புறம் 1998, 2001ன்னு மார்க்கெட் விழும்போதெல்லாம் ஃபெட் வட்டியை குறைச்சதால, "கீழ விழுந்தா கிரீன்ஸ்பான் பிடிச்சுக்குவார்"ன்னு வால் ஸ்ட்ரீட் அதுக்கு கிரீன்ஸ்பான் புட்னு பேரே வச்சுட்டாங்க. புட் ஆப்ஷன் வாங்குனவனுக்கு கீழ போற நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருக்கும்ல, அந்த அர்த்தத்துல. ஏறும்போது கண்ணை மூடிக்கிட்டு விழும்போது மட்டும் கையை நீட்டுனா, லாபம் ஒருத்தனுக்கு நஷ்டம் ஊருக்குன்னு ஆயிடும். அதனால தான் 19ம் நூற்றாண்டுலயே பேஜாட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் ஒரு விதி சொல்லி வச்சார்: நெருக்கடியில தாராளமா கடன் குடு, ஆனா நல்ல அடமானத்துக்கு மட்டும் குடு, வட்டியும் கூடுதலா வாங்கு. முதல் பாதியை எல்லா மத்திய வங்கியும் ஞாபகம் வச்சிருக்காங்க, ரெண்டாவது பாதியை பல இடத்துல விட்டுட்டாங்கங்கிறது என்னோட வருத்தம்.

அப்ப குமிழி பெருசாகும்போதே வட்டியை ஏத்தி உடைச்சுடணுமா?

இது பொருளாதாரம் படிச்சவங்களே இன்னும் சண்டை போடுற இடம். ஒரு கூட்டம் சொல்லுது, காத்துக்கு எதிரா சாய்ஞ்சு நில்லுன்னு. பின்னாடி ஃபெட் தலைவரான பெர்னான்கி மாதிரி ஆளுங்க 1999லயே சொன்னது, விலைவாசியை பாதிக்காத வரைக்கும் ஷேர் விலையை கண்டுக்காதன்னு. நான் ரொம்ப நாள் முதல் கட்சியில இருந்தேன், படிக்கப் படிக்க மாறிட்டேன்.

ஏன்னா குமிழின்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சாலும் எப்ப உடையும்னு தெரியாது. கிரீன்ஸ்பான் 1996 டிசம்பர்ல, அளவுக்கு மீறிய உற்சாகம்ங்கிற அர்த்தத்துல பேசிட்டார், அடுத்த மூணு வருஷத்துக்கு மேல மார்க்கெட் ஏறிக்கிட்டே போச்சு. 2000 மார்ச்ல 5,048ல முடிஞ்ச நாஸ்டாக் (இன்னொரு அமெரிக்க ஷேர் இண்டெக்ஸ்) 2002 அக்டோபர்ல 1,114க்கு வந்துச்சு, அதாவது சொன்னது தப்பில்ல, ஆனா மூணு வருஷத்துக்கு மேல முன்கூட்டியே சொன்னது. 1929 ஆகஸ்ட்ல நியூயார்க் ஃபெட், ஸ்பெக்குலேஷனை அடக்கணும்னு வட்டியை 5ல இருந்து 6 ஆக்குனாங்க. செப்டம்பர் 3ல 381ல இருந்த டௌ 1932 ஜூலைல 41. அதுக்கு அந்த ஒரு வட்டி ஏற்றம் மட்டும் காரணம் இல்ல, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல பேங்குகள் திவாலாகும்போது கையை கட்டிக்கிட்டு நின்னது தான் பெரிய பாவம். ஆனா ஷேரை அடிக்க எடுத்த வட்டிங்கிற தடி, விவசாயியையும் ஃபேக்டரியையும் சேர்த்து அடிச்சுச்சு. ஜப்பான்லயும் 1989 மே மாசம் வரைக்கும் 2.5 சதவீதமா இருந்த வட்டியை 1990 ஆகஸ்டுக்குள்ள 6 ஆக்குனாங்க, 1989 கடைசி நாள்ல 38,915ல இருந்த ஜப்பான் ஷேர் இண்டெக்ஸ் நிக்கி அந்த உயரத்தை திரும்ப தாண்டுனது 2024 பிப்ரவரியில. 34 வருஷம். ஒருத்தன் வேலைக்கு சேர்ந்து ரிட்டயர் ஆகுற காலம்.

ஒரு ரூம்ல எலி இருக்குன்னு வீட்டுக்கே தீ வைக்கிற கதை தான் அது. வட்டி எல்லாரையும் தொடும், சிமெண்ட் வாங்குறவனையும் படிப்புக் கடன் வாங்குன பிள்ளையையும் தொடும், 40 சதவீத லாபம் எதிர்பார்த்து ஆப்ஷன் ஆடுறவனுக்கு அரை சதவீத வட்டி ஒரு பொருட்டே இல்ல.

வாயால எச்சரிக்கலாம், அது கடமை. 2021 மே மாசம் வந்த ஆர்பிஐ வருடாந்திர அறிக்கையில, பொருளாதாரம் 8 சதவீதம் சுருங்குற நேரத்துல ஷேர் விலை இவ்வளவு ஏறுறது குமிழி ஆபத்துன்னு எழுதுனாங்க. மார்க்கெட் கேக்கல, அதுக்கப்புறமும் ஏறுச்சு. பரவாயில்ல, எழுதி வச்சது சரி, அதை வச்சு வட்டியில கை வைக்காததும் சரி.

வட்டியும் கூடாது, ஷேரும் வாங்கக் கூடாதுன்னா ஆர்பிஐ சும்மா உக்காந்திருக்கணுமா?

இல்ல, இங்க தான் நிஜமான வேலையே இருக்கு. டெபாசிட் போட்டவன் பணம் அவனுக்கு தெரியாம மார்க்கெட்டுக்கு போகுற பாதையை காவல் காக்கணும். இதை ரெண்டு தடவை கோட்டை விட்டோம், அந்த ரெண்டையும் இன்னிக்கு 25 வயசுல டீமேட் ஓபன் பண்ற பசங்க தெரிஞ்சுக்கணும்.

1992. புரோக்கர் ஹர்ஷத் மேத்தா. எல்லாரும் அதை ஷேர் ஊழல்னு நினைக்கிறாங்க, ஆனா அது முதல்ல பேங்க் ஊழல். பேங்குகள் தங்களுக்குள்ள கவர்மெண்ட் பாண்டை வித்து பதினைஞ்சு நாள்ல திருப்பி வாங்கிக்கும், அதுக்கு ரெடி ஃபார்வர்டுன்னு பேரு, நடுவுல புரோக்கர். பாண்டு யார்கிட்ட இருக்குன்னு எழுதி வைக்கிற கணக்கு ரிசர்வ் பேங்கோட பொதுக்கடன் அலுவலகத்துல இருந்துச்சு, கையால எழுதுற லெட்ஜர், எண்ட்ரி விழவே நாள் ஆகும். அதனால பேங்குகள் பாண்டுக்கு பதிலா பேங்க் ரசீதுன்னு ஒரு பேப்பரை மாத்திக்கிட்டாங்க. பேங்க் ஆஃப் கராட் மாதிரி சின்ன பேங்குகள்ல இருந்து, பின்னாடி பாண்டே இல்லாத ரசீதுகள் வெளிய வந்துச்சு. ஒரு பேங்க் இன்னொரு பேங்க் பேருக்கு போட்ட செக் புரோக்கர் கணக்குல வரவாச்சு. அந்தப் பணம் தான் ஷேர் மார்க்கெட்டுக்குள்ள போச்சு, ஏசிசி ஷேர் 9,000 ரூபாய் பக்கம் போனதும், சென்செக்ஸ் ஏப்ரல் 1992ல 4,400ஐ தாண்டுனதும் அப்படித்தான். 1992 ஏப்ரல் 23 சுசேதா தலால் எழுதுன செய்தி வந்து விஷயம் உடைஞ்சுது. ஆர்பிஐ துணை கவர்னர் ஜானகிராமன் தலைமையில கமிட்டி போட்டு பாத்தா 4,000 கோடி ரூபாய்க்கு மேல ஓட்டை, 1992 காசுல. அப்ப கவர்னர் நாகர்கோவில்காரர் எஸ். வெங்கிடரமணன், அதுக்கு முந்தின வருஷம் தான் தங்கத்தை வெளிநாட்டுல அடமானம் வச்சு நாட்டை ஒரு பெரிய அவமானத்துல இருந்து மீட்டிருந்தாங்க. வெளிநாட்டுக் கடனை பாத்துக்கிட்டு இருக்கும்போது வீட்டுக்குள்ள லெட்ஜர் ஓட்டையா இருந்துச்சு. அன்னிக்கு ஷேர் விலை ஏன் ஏறுதுன்னு ஆர்பிஐ ஆராய்ச்சி பண்ணியிருக்க வேண்டியதில்ல, தன் ஆபீஸ் லெட்ஜரை கம்ப்யூட்டர்ல போட்டிருந்தாலே போதும்.

2001. இன்னொரு புரோக்கர் கேத்தன் பாரேக். இந்தத் தடவ பாதை கூட்டுறவு பேங்க். அகமதாபாத் மாதவபுரா மெர்கண்டைல் கூட்டுறவு பேங்க் விதியை மீறி அவருக்கு கடன் குடுத்துச்சு, பணம் இல்லாமலே பே ஆர்டர் (பேங்கே பணம் தர்றதா எழுதிக் குடுக்குற சீட்டு) எழுதிக் குடுத்துச்சு, அதுல 137 கோடி பே ஆர்டர் பேங்க் ஆஃப் இந்தியா மூலமா பணமாகி அப்புறம் திரும்பி வந்துச்சு. மார்ச்ல டெபாசிட்காரங்க கூட்டம் கூட்டமா பணம் எடுக்க நின்னாங்க. கடைசியில 2012ல அந்த பேங்கோட லைசன்ஸையே ரத்து பண்ணாங்க. அந்த வரிசையில நின்னவங்கள்ல எத்தனை பேர் வாழ்க்கையில ஒரு ஷேர் வாங்கியிருப்பாங்க? இதை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வரும்.

அதுக்கப்புறம் தான் வேலி இறுகுச்சு. நகர கூட்டுறவு பேங்குகள் ஷேர் மேல கடன் குடுக்கறதை அப்ப நிறுத்துனாங்க. மத்த பேங்குகளுக்கு, ஷேர் மார்க்கெட் பக்கம் எல்லா விதத்துலயும் சேர்த்து போகுற பணம் பேங்கோட சொந்த நெட் வொர்த்துல 40 சதவீதத்தை தாண்டக் கூடாது, அதுல நேரடியா ஷேர்ல போடுறது 20 சதவீதம்னு வரம்பு வந்துச்சு. தனி ஆளுக்கு டீமேட் ஷேர் மேல 20 லட்சம் வரைக்கும் தான் கடன், அதுவும் ஷேர் மதிப்புல பாதி தான்னு ரொம்ப காலம் விதி. ஐபிஓவுக்கு அப்ளை பண்ண பேங்க் கடன் 10 லட்சம். பேங்க் அல்லாத ஃபைனான்ஸ் கம்பெனிகள் இந்த ஓட்டையில பூந்து ஐபிஓவுக்கு கோடிக்கணக்குல குடுக்க ஆரம்பிச்சதும் 2022 ஏப்ரல்ல இருந்து ஆளுக்கு 1 கோடின்னு அதையும் கட்டுனாங்க. 2008லயும் 2020லயும் சென்செக்ஸ் பாதி, மூணுல ஒரு பங்குன்னு கரைஞ்சப்ப ஷேர் விழுந்ததால மட்டும் இங்க ஒரு பேங்கும் விழலைன்னா இந்த விதிகளுக்கு அதுல பங்கு இருக்கு.

அமெரிக்காவுலயும் இதே பாடம் தான். 1929க்கு முன்னாடி 10 டாலர் வச்சிருந்தா 100 டாலருக்கு ஷேர் வாங்கலாம். 1934 சட்டம் மார்ஜின் (ஷேர் வாங்க கைக்காசா போட வேண்டிய பங்கு) எவ்வளவுன்னு முடிவு பண்ற அதிகாரத்தை ஃபெட் கையில குடுத்துச்சு, 1974ல இருந்து 50 சதவீதம், இன்னும் மாத்தல.

2025ல இந்த லிமிட்டை எல்லாம் ஏத்துறோம்னு சொன்னாங்களே, பழைய கதை திரும்பாதா?

2025 அக்டோபர் 1 பாலிசியில கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவிச்சது: ஷேர் மேல கடன் 20 லட்சத்துல இருந்து 1 கோடி, ஐபிஓ கடன் 10ல இருந்து 25 லட்சம். ரூபாய் மதிப்பு குறைஞ்சு போச்சு, பழைய லிமிட் 1990கள்ல போட்டது, அதனால ஏத்துறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு முக்கியம் லிமிட் இல்ல, ஷேர் மதிப்புல எத்தனை பங்கு கடனா குடுக்குறாங்கங்கிறது. பாதி குடுத்தா ஷேர் 30 சதவீதம் விழுந்தாலும் பேங்க் தப்பிக்கும். அந்தப் பாதியை முக்கால்னு ஆக்குனா நான் எதிர்ப்பு சொல்வேன்.

வெளிநாட்டுக்காரன் வித்துட்டு போறான், அதையாவது ஆர்பிஐ தடுக்கணும்ல?

தடுக்கக் கூடாது. வர்றப்ப கதவு திறந்து, போறப்ப பூட்டுனா அடுத்த தடவ யாரும் வர மாட்டாங்க. ஆர்பிஐ பாக்க வேண்டியது ரூபாயை. 2013 மே 22 பெர்னான்கி பாண்டு வாங்குறதை குறைக்கலாம்னு பேசுனதுமே இங்க இருந்து பணம் கிளம்புச்சு, 55 பக்கம் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில 68ஐ தாண்டிடுச்சு. செப்டம்பர் 4 ரகுராம் ராஜன் கவர்னரா வந்தார். என்ஆர்ஐ டாலர் டெபாசிட்டை பேங்குகள் மலிவா ரூபாயா மாத்திக்க வழி பண்ணிக் குடுத்தார், அதோட பேங்குகள் வெளிய வாங்குன கடனையும் சேர்த்தா சுமார் 3,400 கோடி டாலர் உள்ள வந்துச்சு. சென்செக்ஸும் அப்புறம் ஏறுச்சு, ஆனா அவர் வைத்தியம் பாத்தது ரூபாய்க்கு.

எனக்கு ஷேரே இல்ல, எஃப்டி மட்டும் தான். இதெல்லாம் எனக்கு எதுக்கு?

உங்களுக்குத் தாங்க முதல்ல. மார்க்கெட்டை குஷிப்படுத்த வட்டியை தேவைக்கு மேல குறைச்சா உங்க எஃப்டி வட்டி குறையும், விலைவாசியும் ஏறும், ரெண்டு பக்கமும் உங்களுக்கு அடி. 2020 மே மாசத்துல இருந்து ரெப்போ 4 சதவீதம், விலைவாசி ஏற்றம் பல மாசம் 6க்கு மேல. பென்ஷன் பணத்தை பேங்க்ல போட்டுட்டு இருந்த பெரியவங்க அந்த ரெண்டு வருஷம் சத்தமில்லாம இழந்தாங்க. கொரோனாவுல அது தவிர்க்க முடியாததுன்னு ஏத்துக்கிறேன், ஆனா டிவியில யாரும் அவங்களுக்காக கத்தல. சென்செக்ஸ் விழுந்தா பத்து சேனல் கத்தும்.

கடன் வாங்கி எஃப் அண்ட் ஓ ஆடுறாங்களே, அதையும் ஆர்பிஐ பாக்கணுமா?

ஆடுறதை செபி பாக்கணும், கடனை ஆர்பிஐ பாக்கணும். செபி 2024ல வெளியிட்ட கணக்குல மூணு வருஷத்துல 1 கோடிக்கு மேல தனி ஆட்கள், அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி. இந்தப் பணம் எல்லாம் சேமிப்பா? எங்க சித்தி பையன் ஒருத்தன், நல்ல வேலை, நல்ல சம்பளம், ஃபோன்லயே பத்து நிமிஷத்துல பர்சனல் லோன் 4 லட்சம் எடுத்து வாராவாரம் ஆப்ஷன்ல போட்டான். அஞ்சு மாசம். சித்தி வளையல் அடகுக்கு போனப்புறம் தான் வீட்டுக்கே தெரிஞ்சுது. எதுக்கு இந்தக் கடன்னு லோன் குடுத்த இடம் கேக்கவே இல்ல.

2023 நவம்பர் 16 ஆர்பிஐ, அடமானம் இல்லாத நுகர்வோர் கடனுக்கு ரிஸ்க் வெயிட்டை 100ல இருந்து 125 சதவீதம் ஆக்குச்சு, அதாவது அந்தக் கடன் குடுக்கணும்னா பேங்க் தன் சொந்தக் காசை கூடுதலா ஒதுக்கி வைக்கணும். வீட்டுக் கடன், படிப்புக் கடன், வண்டிக் கடன், நகைக் கடன் தொடல. மறுநாள் பேங்க் ஷேர்கள் விழுந்துச்சு, சிலர் திட்டுனாங்க. நான் மேல சொன்ன "குழாயை பாரு, விலையை பாக்காதே"ங்கிறதுக்கு சமீபத்துல நான் பாத்த நல்ல உதாரணம் அது தான். ரெப்போவை தொடாம, ஊருக்கே வட்டியை ஏத்தாம, கசியுற இடத்துல மட்டும் வால்வை திருகுனாங்க. இன்னும் ரெண்டு வருஷம் முன்னாடி பண்ணியிருந்தா எங்க வீட்டு வளையல் தப்பிச்சிருக்கும்.

அடுத்த பெரிய வீழ்ச்சியில ஆர்பிஐ சரியா நடந்துக்குதான்னு நான் எதை வச்சு பாக்குறது?

சென்செக்ஸை மூடி வச்சுட்டு வேற மூணு நாலு பாருங்க. பேங்குகள் ஒரு நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் குடுக்குற கடனோட வட்டி, அதாவது கால் மணி (call money) வட்டி, ரெப்போ பக்கத்துலயே இருக்கா, இல்ல எகிறுதா. நல்ல பேரு உள்ள கம்பெனிகளோட மூணு மாச கமர்ஷியல் பேப்பர் போகுதா. டெப்ட் ஃபண்டுல பணம் கேட்டா சொன்ன நாள்ல வருதா. இது எல்லாம் ஓடுதுன்னா சென்செக்ஸ் 3,000 விழுந்தாலும் ஆர்பிஐ வாயை மூடிக்கிட்டு இருக்கறது தான் சரி. இது அடைச்சா சென்செக்ஸ் 300 தான் விழுந்திருந்தாலும் அன்னிக்கே வரணும். வரும்போது யாருக்கு குடுக்குறாங்க, என்ன அடமானம், எப்ப திருப்பி வாங்குவாங்கன்னு பாருங்க. அந்த 50,000 கோடி மியூச்சுவல் ஃபண்டு ஜன்னலை திறக்கும்போதே, மே 11 வரைக்கும் இல்ல பணம் தீர்ற வரைக்கும்னு கடைசி தேதி போட்டுத் தான் திறந்தாங்க. பேங்க் ஆஃப் ஜப்பானுக்கு வெளிய வர அப்படி ஒரு தேதி இல்ல.